தொட்டிலுக்குள் நீ வந்த கடைசிக் காட்சி

என் வளர்ந்த மகனே,

இப்படி உன்னைக் கூப்பிட எனக்கே சிரிப்பாக இருக்கிறது. அந்த வளர்ந்த மகன் இப்போது பாயில் குப்புறப் படுத்து, என் சேலை முந்தியை ஒரு கையில் பிடித்தபடி தூங்குகிறான். கீழ் ஈறில் அரிசி மாதிரி இரண்டு பல். முந்தியை இழுத்தால் விழித்துக்கொள்வாய் என்று உட்கார்ந்த இடத்திலேயே நகராமல் எழுதுகிறேன். நீ இதை வாசிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும், இரண்டாயிரம் ஆண்டும் பிறந்து பழகிப்போயிருக்கும். படிப்புக்கோ வேலைக்கோ நீ இந்த ராஜபாளையத்தை விட்டுக் கிளம்பும் நாளில், பெட்டியில் துணிமணி அடுக்கும்போது இதையும் வைத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். ரயில் ஏறியதும் பிரித்துப் பார். அதற்கு முன்னால் பிரித்தால் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாய், எனக்கு வெட்கமாக இருக்கும்.

என் எம்.ஃபில். ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஓர் அமெரிக்கத் துன்பியல் நாடகமும் அதை விமர்சகர்கள் எதிர்கொண்ட விதமும் என்பது பொருள். நீ வயிற்றில் இருக்கும்போது ஆரம்பித்து, நீ தவழ ஆரம்பித்த பிறகு முடித்தேன். அந்த நாடகம் எங்கெங்கே மேடையேறியது, யார் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது கடைசியாக எந்த ஊரில் மேடையேறியது, எப்படி முடிந்தது, அதைக் கெடுத்தது யார் என்பது மட்டும் இல்லை. என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அடிக்குறிப்பாகக்கூட வேண்டாம்மா” என்றார். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கெடுத்தவன் நீ.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நடுவில் ஒரு சமவெளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையே கிடையாது. வாசலுக்கு வந்தாலே மேற்கில் மலை நிற்கும் ஊரில் பிறந்த உனக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுகூடக் கஷ்டம். அங்கே ஒரு சின்ன மர வீட்டில் புருஷன், மனைவி, கைக்குழந்தை. அடுத்த வீட்டுக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர்களோடு ஒரு கிணற்றை வைத்துச் சண்டை வந்து பேச்சு நின்றுபோயிருக்கிறது. புருஷன் நிலத்தைத் தன் பேரில் பதிய டவுனுக்குப் போயிருக்கும்போது பனி கொட்டுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. விறகும் தீர்ந்துவிடுகிறது. அவள் குழந்தையை மாரோடு கட்டிக்கொண்டு பனியில் நடந்து அந்த வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது, சிரிப்புச் சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். தூக்கிய கை அப்படியே நிற்கிறது. பிறகு கையை இறக்கிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். இரண்டாம் அங்கம் அங்கே முடிகிறது. மூன்றாம் அங்கத்தில் புருஷன் பத்திரத்தோடு வீட்டுக்கு வருகிறான். அவள் மரத்தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். தொட்டிலில் யாரும் இல்லை. சத்தம் போடாதீர்கள், பிள்ளை தூங்குகிறான் என்கிறாள். திரை விழுகிறது.

இதை வைத்துக்கொண்டு விமர்சகர்கள் போட்ட சண்டை இருக்கிறதே, அந்தக் கிணற்றுச் சண்டை அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நாடகம் வந்த புதிதில் நியூயார்க் பத்திரிகைக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ராஜாவும் ராணியும் விழுந்தால்தான் துன்பியல், குடியானவன் வீட்டில் பனியால் பிள்ளை இறந்தால் அது வெறும் கெட்ட காலநிலை என்றார்கள் ஒரு பக்கத்தார். இல்லை, தூக்கிய கை தட்டாமல் நின்றதே அங்கேதான் இருக்கிறது துன்பியல், பிள்ளையைக் கொன்றது குளிரல்ல, அவளுடைய ரோஷம் என்றார்கள் மறு பக்கத்தார். வெறுந்தொட்டில் காட்சி கண்ணீரைக் கொக்கி போட்டு இழுக்கிறது, அதை வெட்டியிருக்கலாம் என்று சிலர். பின்னால் வந்த பேராசிரியர்கள் தொட்டில்தான் அமெரிக்க மண், பனிதான் கடவுளின் மௌனம் என்று எழுதினார்கள். அந்தக் கிணற்றைப் பற்றி மட்டுமே ஒருவர் நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நான் ரோஷம் கட்சி. மதுரையில் எம்.ஏ. படித்த காலத்திலிருந்தே அந்தத் தூக்கிய கையை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கும். நீ பிறந்த பிறகு அதே கட்டுரைகளை மறுபடி வாசித்தபோது வேறொன்றும் தோன்றியது. இவர்களில் ஒருவர்கூடக் காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் மாதிரித் தெரியவில்லை.

நான் பயந்தாங்கொள்ளித் தாய். இதை உனக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, இத்தனை வருஷத்தில் நீயே பட்டிருப்பாய். நீ தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வந்தாலும் நம்பாமல், நீ சிணுங்கும் வரைக்கும் காலைக் கிள்ளுவேன். உன் அப்பா, “அவன் நல்லாத்தான் தூங்குதான், நீதான் அவனத் தூங்கவிட மாட்டேங்க” என்பார். நான் இப்படியே உன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தோ என்னவோ, அந்த வருஷம் மில் மனமகிழ் மன்றத்து ஆண்டு விழா நாடகப் பேச்சு வந்ததும், “வருஷா வருஷம் மாமனார் மாப்பிள்ளை காமெடிதான். இந்தத் தடவை நீ படிச்சதத் தமிழ்ல எழுதிக் குடேன், போடுவோம்” என்றார். உன் அப்பா அந்த மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தார். அவர் சொன்னால் மன்றத்தில் கேட்பார்கள்.

கேட்காதவர் ஒருவர்தான், டைரக்டர் அருள்ராஜ் அண்ணன். மில்லில் டைம் கீப்பர். வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு டைரக்டர் ஆகிவிடுவார். நான் எழுதியதை வாசித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

“சோகமால்ல இருக்கு தங்கச்சி. நம்ம ஆளுக ஷிப்ட் முடிஞ்சு வந்து உக்காருதவங்க. அழுவுறதுக்கு எதுக்கு இம்புட்டு தூரம் வரணும்? அதை வீட்லயே அழுதுக்கிடுவாங்களே.”

“அழுதா மனசு லேசாகும்னு சொல்லுவாங்க அண்ணே.”

“லேசாவட்டும். ஆனா கடைசில மங்களம் பாடிறணும். மங்களம் பாடாம நான் திரை போட்டதே கெடையாது.”

“பிள்ளை செத்துப்போன நாடகத்துக்கா மங்களம்?”

“செத்தது நாடகத்துல. திரைக்குப் பொறவு நம்ம எல்லாரும் உசுரோடதான தங்கச்சி இருக்கோம்?”

மங்களத்துக்கு ஒத்துக்கொண்டேன். பனிக்கு என்ன செய்வது என்றதற்கு அவரே வழி சொன்னார். மில்லில் பஞ்சை உதறும் ப்ளோ ரூமில் கழிவுப் பஞ்சுக்கா பஞ்சம்? பெரிய மின்விசிறிக்கு முன்னால் பஞ்சை உதறிவிட்டால் பனிதான். ஒத்திகையில் அமெரிக்காவே தும்மியது.

கதாநாயகியாக நடிக்க வழக்கம்போல மதுரையிலிருந்து ஒரு நடிகையை அழைத்திருந்தார்கள். அனுபவம் உள்ளவர். இரண்டு அங்கத்தையும் கேட்டுத் தலையாட்டினார். மூன்றாவதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். “விஷத்தக் குடின்னு சொல்லுங்க, குடிச்சுச் சாவுறேன். புருஷன் எத்தி மிதிக்கிற சீனு வைங்க, உருண்டு காட்டுறேன். வெறுந்தொட்டில மட்டும் ஆட்ட மாட்டேன் தாயி. எனக்கும் வீட்ல ரெண்டு கெடக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார். பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்து வளர்ந்த நானும் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறேன். சின்ன வயதில் யார் வீட்டிலாவது சும்மா கிடந்த தொட்டிலைத் தள்ளிவிட்டு முதுகில் வாங்கியும் இருக்கிறேன். ஆனால் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எம்.ஏ. படித்தவள் அதையெல்லாம் நம்புவாளா? “நானே நடிக்கிறேன்” என்றேன். உள்ளுக்குள் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தொட்டில் வந்தது எதிர்வீட்டிலிருந்து. ராமலட்சுமி அக்காவை நீ இப்போது எப்படிக் கூப்பிடுகிறாயோ தெரியாது. அவர்கள் வீட்டுக்காரருக்கு பேண்டேஜ் துணி நெய்யும் ஃபாக்டரி. வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எங்கள் தெருவில் போனும், டிரைவர் முத்தையாவோடு அம்பாசடர் காரும் அவர்கள் வீட்டில்தான். நீ பிறந்ததிலிருந்து உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர் அவர்தான். எனக்குப் பயம், வழுக்கி விட்டுவிடுவேனோ என்று. அவர் உன்னைத் தேங்காய் மாதிரித் திருப்பித் திருப்பிக் குளிப்பாட்டுவார், நீயும் சிரிப்பாய். அவர்கள் வீட்டில் கிளி செதுக்கிய தேக்குத் தொட்டில் ஒன்று இருந்தது. அருள்ராஜ் அண்ணன் போய், நாடகத்துக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லி வாங்கி வந்துவிட்டார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. பொம்மைப் பிள்ளையைப் போட்டு ஆட்டுவார்கள் என்று நினைத்திருக்கிறார். அக்காவின் மகள் லட்சுமி அப்போது வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பிறக்கப் போகிற பிள்ளைக்கு அதே தொட்டில்தான்.

விழா அன்று சாயங்காலம் மில் மைதானத்தில் நல்ல கூட்டம். முன் வரிசையில் ராமலட்சுமி அக்கா, பக்கத்தில் அவர் மகள், அக்காவின் மடியில் நீ. மின்விசிறி சுழன்று முதல் பனி விழுந்ததுமே ஆண்கள் பக்கத்திலிருந்து, “ஏலே, இது நம்ம ப்ளோ ரூம் பஞ்சுலே!” என்று ஒரு குரல். சிரித்தார்கள். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் அடங்கினார்கள். நான் துணிப்பொதியை மாரோடு கட்டிக்கொண்டு பனியில் நடந்தபோது பெண்கள் பக்கம் உச்சுக் கொட்டுவது கேட்டது. வாசலுக்கு வந்தேன். கையைத் தூக்கினேன். அருள்ராஜ் அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது இதுதான்: கையைத் தூக்கு, இறக்காதே, கூட்டம் மூச்சு விட மறக்கும் வரைக்கும் அப்படியே நில்லு. நின்றேன். நியூயார்க்கில் அந்த இடத்தில் ஊசி விழுந்தால் கேட்குமாம்.

இங்கே ஒரு பெண் கத்தினாள், “ஏட்டி, தட்டேன்!”

“கை வரலன்னா வாயத் தொறந்து கூப்பிடேன்!” என்றாள் இன்னொருத்தி.

“சண்ட பெரியவுகளோட. பிள்ளை என்ன பண்ணிச்சு?” இது ஆண்கள் பக்கம்.

“உள்ள சிரிச்சிக்கிட்டு இருக்கானுவ, கேக்காது. நல்லா சத்தங் குடு தாயி!”

நம் ஊரில் யார் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள்? தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே அடுப்பு முன்னால் இருப்பவருக்கும் கேட்கும். தட்டாமல் நிற்கும் ஒரு கையில் இருக்கும் துன்பத்தை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பில் என்ன தப்புச் செய்தேன் என்று அந்த நிலையிலும் யோசித்தேன். கையை இறக்கித் திரும்பி நடந்தேன். “அடிப்பாவி!” என்று மைதானமே சொன்னது.

மூன்றாம் அங்கம். திரை விலகும்போது நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். கிளிகள் முன்னும் பின்னும் போய் வருகின்றன. சரியாக ஆட்ட வேண்டும், தாலாட்டு மாதிரி ஒரே சீராக, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, முன் வரிசையைப் பார்க்காமல் இருந்தேன். அங்கே நீ இருந்தாய். உன் முகத்தைப் பார்த்தால் கை நின்றுவிடும். அதனால் ராமலட்சுமி அக்கா எழுந்ததை நான் பார்க்கவில்லை. பக்கத்துப் படி ஏறி மேடைக்கு வந்த காலடிச் சத்தத்தை, புருஷன் வேஷம் போட்ட அருள்ராஜ் அண்ணன் என்று நினைத்தேன்.

“நிறுத்துட்டி! அய்யோ தேவுடா, யார் வீட்டுத் தொட்டில்னு நெனச்ச?”

நிமிர்ந்தால் அக்கா. இடுப்பில் நீ. கண்ணெல்லாம் கலங்கி, மூக்கு சிவந்து நிற்கிறார். நான் நடிகை இல்லையா, ஆட்டுவதை நிறுத்தவில்லை. அக்கா ஒரு கையால் தொட்டிலைப் பிடித்து நிறுத்தி, மறு கையால் உன்னைத் தூக்கி அதற்குள் போட்டார். “இப்ப ஆட்டு” என்றார். நீ மேலே தொங்கிய விளக்கைப் பார்த்தாய், கிளியைப் பார்த்தாய், காலை உதைத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாய். மைக் பக்கத்தில்தான் இருந்தது. உன் சிரிப்பு மைதானம் முழுக்கக் கேட்டது.

அந்த நேரம் பார்த்துப் புருஷனாக அருள்ராஜ் அண்ணன் கையில் பத்திரத்தோடு உள்ளே நுழைந்தார். தொட்டிலில் அசல் பிள்ளை. பக்கத்தில் பேண்டேஜ் ஃபாக்டரி முதலாளி வீட்டு அம்மா. அவர் ஒரு நொடி திகைத்தார். வருஷக்கணக்காகக் காமெடி போட்ட மனிதர். பத்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, “மகனே! பிழைச்சுக்கிட்டியாடா!” என்று மண்டியிட்டார். விசில் பறந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. நான் சொல்ல வேண்டிய கடைசி வசனத்துக்கு இடமே இல்லை. ஆர்மோனியம் மங்களத்தைத் தொடங்கிவிட்டது. அந்த மங்களத்துக்கு நடுவில் நீ தொட்டிலை நனைத்தாய்.

மில் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. மேல்நாட்டு சோகக் கதையை நம் பண்பாட்டுக்கு ஏற்றபடி சுபமாக முடித்ததற்கு எனக்குப் பாராட்டு. பஞ்சுப் பனிக்குப் பாராட்டு. குழந்தை நடிகரின் இயல்பான நடிப்புக்குத் தனிப் பாராட்டு. உன் அப்பா அதை வெட்டி எடுத்து பீரோவுக்குள் ஒட்டிவைத்தார். நான் அழுதேன்.

மறுநாள் காலையில் கோலம் போடும்போது அக்காவிடம் கேட்டேவிட்டேன். “அக்கா, எத்தனை நாள் உழைப்பு தெரியுமா? வெறும் நடிப்புதானக்கா?”

“நடிப்புன்னா தொட்டிலயும் அட்டையில செஞ்சிருக்கணும்ட்டி. நீங்கதான் நடிச்சீங்க, எந்தொட்டில் நடிக்கலையே! எம் மக பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கா. அவ வயித்துப் பிள்ளையவிட உன் அமெரிக்காக்காரி பெருசாப் போனாளா?”

“படிச்ச விஷயம் உங்களுக்குப் புரியாதுக்கா.”

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. உன்னை நானே குளிப்பாட்டினேன், வழுக்கிவிடுமோ என்று பயந்துகொண்டே. எதிர்வீட்டைப் பார்த்த எங்கள் வாசல் கதவைச் சாத்தியே வைத்தேன். நீ கதவுப் பக்கம் தவழ்ந்து போய் அதைத் தட்டித் தட்டிப் பார்ப்பாய். கோபத்துக்கு அடியில் இன்னொன்று கிடந்தது, அதை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா வந்து நிறுத்தும் வரைக்கும் நான் ஆட்டிக்கொண்டுதானே இருந்தேன்? வெறுந்தொட்டிலைத்தானே ஆட்டினேன்? உன் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பது அதிகமாகிவிட்டது.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. காலையிலிருந்தே உன் உடம்பு லேசாகச் சுட்டது. பல் முளைக்கும்போது அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் கரண்ட் போனது. விசிறிக்கொண்டிருந்தபோது உன் கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வெயிலுக்குப் பயந்து தெருவில் ஒரு ஆள் இல்லை. அப்பா மில்லில். போன், கார், எல்லாம் எதிர்வீட்டில். எதிர்வீட்டுக் கதவு வெயிலுக்காகச் சாத்தியிருந்தது. உள்ளே பாட்டரி ரேடியோவில் பாட்டு, அக்காவும் மகளும் சிரிக்கும் சத்தம். நான் கையைத் தூக்கினேன்.

கண்ணா, இதை நீ நம்ப வேண்டும். தூக்கிய கை நின்றது. நடிக்கவில்லை. ஒத்திகையில் பழகிய கை, பழகிய இடத்தில் தானாகவே நின்றது. படிச்ச விஷயம் உங்களுக்குப் புரியாதுக்கா என்று நான் சொன்னது காதில் கேட்டது. இப்போது எந்த முகத்தோடு தட்டுவேன்? எம்.ஏ. வகுப்பிலிருந்து நான் ரசித்து ரசித்து எழுதிய அந்தக் கை எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதில் அழகு ஒன்றும் இல்லை. தோள் வலிக்கிறது, அவ்வளவுதான். அடுத்து என் காதில் கேட்டது எந்த விமர்சகரின் குரலும் அல்ல. மைதானத்துக் குரல். சத்தங் குடு தாயி.

“அக்கா!” என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது.

கதவு திறந்தது. சோற்றுக் கையோடு அக்கா. என் முகத்தைப் பார்க்கவே இல்லை, உன்னைத்தான் பார்த்தார். “குடு இங்க” என்று இடக்கையால் வாங்கி உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். “முத்தையா! ஏலே முத்தையா, வண்டிய எடுலே! லட்சுமி, நனைச்ச துண்டு கொண்டா! மில்லுக்குப் போன் பண்ணி அவியகிட்டச் சொல்லு!” நம் ஊர்க் குழந்தை டாக்டர் வெளியூர் போயிருந்ததால் கார் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் பறந்தது. ஏறிய சற்று நேரத்தில் இழுப்பு நின்று நீ துவண்டு தூங்க ஆரம்பித்தாய். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. அக்காவே உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்து, “வருது. நல்லா வருது. நீயும் பாரு” என்று என் விரலைப் பிடித்து வைத்தார். வன்னியம்பட்டிக்குப் பாதை பிரியும் விலக்கில் ஒரு ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டி ஆடுகளைத் தமிழிலும் ஆட்டுக்காரரைத் தெலுங்கிலும் ஏசினார். அப்போது முன்னால் கோபுரம் தெரிந்தது. என் பிறந்த ஊர்க் கோபுரத்தைப் பார்த்து நான் அழுதது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சாவகாசமாகப் பார்த்தார். காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். தொண்டை சிவந்திருக்கிறது, காய்ச்சல் சட்டென்று ஏறியதால் வந்த இழுப்பு, சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், பார்க்கத்தான் பயமாக இருக்கும், வளர வளர நின்றுவிடும் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ கண்ணைத் திறந்து அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாய். “பசிக்குது போல” என்று சிரித்தார். அந்தச் சொல்லைக் கேட்டபோது என் உடம்பிலிருந்து ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. எத்தனையோ மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அந்த மேஜை முன்னால் விட்டேன். சாயங்காலம் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நீ பால் குடித்தாய். அக்காவின் வலக்கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவ இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

“எம்புட்டு நேரம்ட்டி வாசல்ல நின்ன?” என்றார் திடீரென்று. “செத்த நேரம் முன்னாடியே நிழல் தெரிஞ்சுது கதவுக்குக் கீழ. யாரோன்னு இருந்துட்டேன்.”

நான் முந்தியை இழுத்து உன் தலையை மூடினேன்.

“நீ பாட்டுக்குத் திரும்பிப் போயிருந்தா?” அக்காவின் குரல் உடைந்தது. “உன் நாடகத்துலயும் அதான் எனக்குப் பொறுக்கல. அவ தட்டாமப் போயிட்டா. சரி, அவ தலவிதி. உள்ள சிரிச்சிக்கிட்டு இருந்தாளே ஒருத்தி, அவ மறுநாள் கேள்விப்பட்டா எப்படிட்டி சோறு திம்பா? கூப்பிட்டிருந்தா ஓடியாந்திருக்க மாட்டாளா? அவள ஒரு வார்த்தை கேக்காமயே கெட்டவளாக்கிட்டாளே உன் அமெரிக்காக்காரி.”

நான் வாசித்த அத்தனை கட்டுரைகளிலும் உள்ளே இருந்தவளைப் பற்றி ஒருவர்கூட எழுதியதில்லை. கிணற்றுக்குக் கட்டுரை இருக்கிறது, அவளுக்கு இல்லை. என் ஆய்வேட்டின் முடிவுரையில் அவளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன். பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் ‘ஆதாரம்?’ என்று எழுதி அனுப்பினார். வாக்கியத்தை எடுக்கவில்லை.

அன்று அந்தப் பெஞ்சில் இன்னொன்றையும் கேட்டுவிட்டேன். கேட்காமல் வீடு திரும்பியிருந்தால் நான் இன்றுவரை தூங்கியிருக்க மாட்டேன். “அக்கா, நான் அன்னைக்கு வெறுந்தொட்டில ஆட்டுனேன்ல. அதனாலதான் இவனுக்கு...”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார், வேப்பமரத்துக் காக்கை பறக்கும்படி. “ஏட்டி பைத்தியக்காரி! இம்புட்டுப் படிச்சு என்ன புண்ணியம்? வெறுந்தொட்டில் எங்கட்டி இருந்துச்சு? அதான் நான் பிள்ளையக் கொண்டாந்து போட்டுட்டேன்ல! சிரிச்சுக்கிட்டே ஒன்னுக்கும் போயிட்டான். அதுக்கு மேல என்ன கணக்கு?”

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சொல்லிக்கொண்டே பயந்தேன். டாக்டர் சொன்னபோது பாதிப் பயம் போனது. அக்கா சொன்னபோதுதான் மீதி போனது. என் நாடகத்தை அவர் கெடுத்தார் என்று எத்தனை நாள் கொதித்தேன். அவர் அன்று மேடை ஏறாமல், நாடகம் நியூயார்க்கில் முடிந்த மாதிரியே அழகாக முடிந்திருந்தால், இந்தப் பயத்தோடுதான் உன்னை வளர்த்திருப்பேன். கெட்டுப்போனதே என்று இப்போது அவ்வளவு நிம்மதி.

எனவே நீ ஊரைவிட்டுப் போகும்போது புத்தி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நீ படிப்பாய், ரோஷம் வரும், யாரோடாவது பேச்சு நிற்கும். பேச்சு நிற்காமல் வாழ்ந்தவர் யாருமில்லை. ஆனால் உனக்கு ஒரு கஷ்டம் வரும் நாளில், சாத்தின கதவுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்காதே. அது புத்தகத்தில்தான் நன்றாக இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிடு. உள்ளே இருப்பவர் கெட்டவர் என்று அவரைக் கேட்காமலே நீ முடிவு கட்டாதே. அவர் சோற்றுக் கையோடு ஓடிவருகிறவராக இருக்கலாம். ஒருவேளை வராமலும் போகலாம். அப்போது அடுத்த வீட்டைக் கூப்பிடு. எந்த ஊருக்குப் போனாலும், மேற்கே மலை இல்லாவிட்டாலும், எதிர்வீடு இருக்கும்.

அக்காவின் மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. பிள்ளையைத் தொட்டிலில் போட்ட அன்று, முதலில் உன்னைத்தான் அதில் கிடத்தினார்கள். நன்றாக வளர்ந்த பிள்ளை முதலில் கிடக்கட்டும் என்றார் அக்கா. நீ கிளியைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்று அழுதாய். அருள்ராஜ் அண்ணன் வந்திருந்தார். “கலைஞனுக்கு மேடைய விட்டு எறங்க மனசு வராது தங்கச்சி” என்றார்.

இதோ, முந்தியை விட்டுவிட்டாய். விழித்துக்கொண்டாய். இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை, நேரே வாசலுக்குத் தவழ்கிறாய். கதவு திறந்துதான் இருக்கிறது. நிலைப்படியைப் பிடித்து எழுந்து நின்று, எதிர்வீட்டைப் பார்த்து, உனக்கு மட்டுமே தெரிந்த பாஷையில் பலமாக ஒரு சத்தம் கொடுக்கிறாய்.

“வாரேன்டா ராசா, இந்தா வாரேன்!” என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது.

உன் அம்மா.